ஊசி போட்டால் கொடியவன் நல்லவன் ஆவானா?

அலெக்ஸ் என்று ஓர் இளைஞன். கொலைக் குற்றத்திற்காக 14 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றவன். இரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், அரசாங்கம் ஒரு புதிய சிகிச்சையை அறிவிக்கிறது. "இரண்டே வாரம் சிகிச்சை. பிறகு விடுதலை" என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டா, பதினான்கு நாளா? அவன் யோசிக்கவே இல்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான்.

மருத்துவமனையில் அவனுக்கு ஓர் ஊசி போடப்படுகிறது. பிறகு ஒரு திரையரங்கிற்கு அழைத்துச் சென்று நாற்காலியோடு பிணைத்துவிடுகிறார்கள். கண்ணை மூட முடியாதபடி இமைகளில் கொக்கிகள். திரையில் அடிதடியும் இரத்தமும் ஓடுகின்றன. சற்று நேரத்தில் மருந்து வேலை செய்யத் தொடங்குகிறது. வயிற்றைப் புரட்டுகிறது, உயிர் போவது போல் இருக்கிறது. படமோ நிற்பதில்லை. நாள்தோறும் இதே கதை.

இரண்டு வாரம் முடிகிறது. இனி மருந்தே தேவையில்லை. யாரையாவது அடிக்கக் கை ஓங்கினால் போதும், அலெக்ஸுக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஒருவன் அவனை அவமானப்படுத்தித் தன் காலணியை நக்கச் சொன்னாலும் நக்குகிறானே தவிர, எதிர்த்து நிற்க அவனால் முடியவில்லை. "பார்த்தீர்களா, கொடியவன் திருந்திவிட்டான்!" என்று அமைச்சர் பெருமைப்படுகிறார். அங்கிருந்த சிறைப் பாதிரியார் ஒருவர் மட்டும், "இவன் திருந்தவில்லை. நல்லதையோ கெட்டதையோ தேர்ந்தெடுக்கும் திறனையே இழந்துவிட்டான்" என்ற கருத்தில் மறுத்துப் பேசுகிறார்.

இது ஒரு திரைப்படக் கதை. ஆந்தனி பர்ஜெஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' என்னும் நாவலை, ஸ்டான்லி குப்ரிக் 1971ஆம் ஆண்டில் அதே பெயரில் படமாக்கினார். வயது வந்தோருக்கென்று எடுக்கப்பட்ட கடுமையான படம் அது. நீங்கள் இப்போது அதைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அது எழுப்பும் கேள்விகள் அறிவியல் பயிலும் எல்லோருக்கும் உரியவை.

கேள்விகள் இரண்டு. ஒரு கொடியவனை மருந்தாலோ மின்சாரத்தாலோ அறுவையாலோ நல்லவனாக்க முடியுமா? முடியுமானால், அப்படிச் செய்யலாமா? முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடம் விடை சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாவ்லாவின் நாய்கள்

அலெக்ஸுக்குச் செய்த சிகிச்சை கற்பனைதான். ஆனால் அதன் அடிப்படை கற்பனை அன்று. இரஷ்ய அறிஞர் இவான் பாவ்லாவ் செரிமானத்தைப் பற்றி ஆராய்ந்து 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவை வாயில் வைத்தால் நாய்க்கு உமிழ்நீர் ஊறுவது இயற்கை. ஆனால் அவருடைய நாய்களுக்கு உணவு வருவதற்கு முன்பே, உணவு கொண்டு வருபவரைக் கண்டதுமே உமிழ்நீர் ஊறியது. இது ஏன் என்று அவர் ஆராய்ந்தார்.

தாளம் தட்டும் ஒரு கருவியை ஒலிக்கச் செய்து, உடனே உணவு கொடுத்தார். பல முறை இப்படிச் செய்தபின், உணவே இல்லாமல் ஒலியை மட்டும் எழுப்பினார். உமிழ்நீர் ஊறிற்று! ஒலி என்னும் தூண்டலுக்கும் உமிழ்நீர் என்னும் துலங்கலுக்கும் இயற்கையில் தொடர்பு கிடையாது. பழக்கத்தால் ஒரு புதுத் தொடர்பு உண்டாகிவிட்டது. இதை ஆக்கநிலையுறுத்தல் என்று உளவியலார் கூறுவர்.

மனிதனுக்கும் இது பொருந்துமா? அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சன், ரோசலி ரேய்னர் என்னும் இருவரும் 1920ஆம் ஆண்டில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் இதைச் சோதித்தனர். குழந்தை ஒரு வெள்ளெலியிடம் அச்சமின்றி விளையாடியது. அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் ஓர் இரும்புத் தண்டைச் சுத்தியால் ஓங்கி அடித்தனர். சில தடவைகளுக்குப் பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலைக் கண்டும் அஞ்சியது. உண்டாக்கிய அச்சத்தை அவர்கள் நீக்காமலே விட்டுவிட்டார்கள். இன்று எந்த ஆய்வுக் குழுவும் இத்தகைய சோதனையை அனுமதிக்காது.

இந்த அறிவைப் பயன்படுத்தி எழுந்ததே வெறுப்பூட்டும் சிகிச்சை. விட வேண்டிய பழக்கத்தோடு துன்பத்தைச் சேர்த்துவிட்டால் பழக்கம் விலகும் என்பது அதன் கொள்கை. 1930களில் அமெரிக்காவில் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு வாந்தி உண்டாக்கும் எமெட்டின் மருந்தைச் செலுத்தி, குமட்டல் வரும் நேரத்தில் மதுவைக் குடிக்கச் செய்தார்கள். கதையில் வரும் அலெக்ஸின் சிகிச்சைக்கு இதுதான் மூதாதை.

எலிகள் சொன்ன சாட்சி

அப்படியென்றால் அலெக்ஸின் கதை நடக்கக்கூடியதுதானா? அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் அனுபவத்தையே எண்ணிப் பாருங்கள்.

ஒரு திருமண விருந்தில் இறால் சாப்பிட்டீர்கள். அன்றிரவு வாந்தி. அதன்பின் மாதக்கணக்கில் இறால் வாடை அடித்தாலே உங்களுக்குக் குமட்டும். ஆனால் அந்த விருந்தின்போது நாதசுரமும் ஒலித்ததே! வண்ண விளக்குகளும் எரிந்தனவே! நாதசுரத்தைக் கேட்டால் உங்களுக்குக் குமட்டுகிறதா? இல்லை. வாந்தியின் பழியை உடல் சுவையின் மீதும் வாடையின் மீதும் போட்டது. காட்சியையும் ஒலியையும் விட்டுவிட்டது.

இதைத் தெளிவாக நிறுவியவர்கள் அமெரிக்க உளவியலார் ஜான் கார்சியாவும் ராபர்ட் கொலிங்கும். 1966ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட சோதனை மிக அழகானது. எலிகளுக்குச் சுவையூட்டிய நீரைக் கொடுத்தார்கள். எலி நக்கும்போதெல்லாம் ஒரு விளக்கு மின்னும். 'டிக்' என்று ஓர் ஒலியும் எழும். ஆக, சுவை, ஒளி, ஒலி மூன்றும் ஒன்றாக வந்தன. பிறகு ஒரு பகுதி எலிகளுக்கு எக்ஸ் கதிர் அல்லது மருந்தால் வயிற்றுக் கோளாறு உண்டாக்கினார்கள். மற்றொரு பகுதிக்குக் காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள்.

விளைவு என்ன? வயிற்றுக் கோளாறு கண்ட எலிகள் அந்தச் சுவையை வெறுத்தன. ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி பெற்றவையோ ஒளியும் ஒலியும் வந்தால் பின்வாங்கின, சுவையைப் பொருட்படுத்தவில்லை. எதை வேண்டுமானாலும் எதனோடும் முடிச்சுப் போடலாம் என்ற பழைய எண்ணம் தகர்ந்தது. வயிற்றுக்குத் தீங்கு வாய் வழியாகவும், தோலுக்குத் தீங்கு வெளியிலிருந்தும் வருவதே இயற்கை. உடலின் கற்றலும் அந்த வழியையே பின்பற்றுகிறது.

இப்போது அலெக்ஸுக்குத் திரும்புவோம். அவனுக்குக் கொடுத்தது குமட்டல், காட்டியது காட்சி. எளிதில் ஒட்டாத இரண்டை ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறார்கள்! எலிகளின் சாட்சி அமைச்சருக்குச் சாதகமாக இல்லை.

வேறு இரண்டு தடைகளும் உள்ளன. பாவ்லாவே கண்டதுபோல், ஒலி எழுப்பிவிட்டு உணவு கொடுக்காமலே இருந்தால் உமிழ்நீர் ஊறுவது நாளடைவில் குறைந்து நின்றுவிடும். சிறையை விட்டு வந்தபின் அலெக்ஸுக்கு ஊசி போடுபவர் யார்? அடுத்தது, நாய்க்குத் தெரியாத ஒன்று மனிதனுக்குத் தெரியும். "எனக்குக் குமட்டியது அந்த ஊசியால், இப்போது ஊசி இல்லை" என்று அவன் எண்ணிப் பார்ப்பான். குடிப்பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்றவர்களிலும் பலர் மீண்டும் குடிக்கத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் மதுவுக்குச் சுவை உண்டு. அவர்கள் தாமாகவே வந்து சிகிச்சை பெற்றவர்கள்.

படம் சரியாகக் காட்டிய ஒன்றும் உண்டு. அலெக்ஸுக்குப் பீத்தோவனின் இசை உயிர். அவனுக்குக் காட்டிய ஒரு படத்தின் பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலித்தது. அதன்பின் அந்த இசையைக் கேட்டாலும் அவனுக்கு வேதனை. குமட்டல் அவனுக்குக் காட்சியோடும் ஒலியோடும் ஒட்டியது என்பது கதையின் கற்பனை. ஆனால் குறி வைத்தது ஒன்று, அடிபட்டது இரண்டு என்பது வெறும் கற்பனை அன்று. எலிக்கு அஞ்சப் பழகிய குழந்தை முயலுக்கும் அஞ்சியதை நினைவுகூருங்கள்.

உண்மையான சிறைகளில்

"படம்தானே!" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதே காலத்தில் அமெரிக்காவின் சில சிறை மருத்துவமனைகளில் இதைப் போன்ற செயல்கள் நடந்தன. 1960களில் அங்கே குற்றங்கள் பெருகிவந்தன. தண்டனையால் பயனில்லை, சிகிச்சையால் திருத்தலாம் என்ற நம்பிக்கையும் வளர்ந்தது. நம்பியவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். பலர் நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினார்கள்.

அயோவா மாநிலத்தில் குற்றவாளிகளுக்கான ஒரு மருத்துவ நிலையம் இருந்தது. அங்கே விதியை மீறியவர்களுக்கு அபோமார்ஃபின் ஊசி போட்டார்கள். அது கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வாந்தி எடுக்க வைக்கும். என்ன விதிமீறல்? படுக்கையை விட்டு எழாதது, கெட்ட வார்த்தை பேசியது, பொய் சொன்னது, சொன்னதை மீறிப் பிறருக்குச் சிகரெட் கொடுத்தது! இதைச் சிகிச்சை என்று அதிகாரிகள் வாதாடினார்கள். 1973ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயாளி தெரிந்து எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும், விரும்பும்போது சம்மதத்தைத் திரும்பப் பெற முடிய வேண்டும், ஒவ்வொரு ஊசிக்கும் மருத்துவர் அனுமதி வேண்டும் என்று கட்டளையிட்டது. இவை இல்லாமல் போடும் ஊசி கொடிய தண்டனையே என்றது.

கலிபோர்னியா மாநிலத்தில் வாகவில் என்னும் இடத்தில் உள்ள சிறை மருத்துவமனையில் பயன்படுத்தியது சக்சினைல்கோலின். அறுவை மருத்துவத்தில் மயக்க மருந்தோடு சேர்த்துத் தசைகளைத் தளர்த்துவதற்கு உதவும் மருந்து இது. இதை மயக்கமில்லாத கைதிக்குச் செலுத்தினால் என்ன ஆகும்? தசைகள் எல்லாம் செயலிழக்கும். மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். மூச்சுத் திணறிச் சாகப் போகிறோம் என்று அவன் அஞ்சும் அந்த நேரத்தில், "இனி இப்படிச் செய்யாதே" என்று அவனுக்குப் புத்தி சொன்னார்கள். இதன்மீது ஒரு கைதி தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1973ஆம் ஆண்டில், இது விசாரிக்க வேண்டிய வழக்கே என்று தீர்ப்பளித்தது.

நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இவ்விரு மருந்துகளும் மருத்துவத்தில் உண்மையாகவே பயன்பட்டவை. மருந்து மாறவில்லை, நோக்கம் மாறியது. நோயாளியின் துன்பத்தைப் போக்கக் கொடுத்தால் அது சிகிச்சை. அவனுக்குத் துன்பம் உண்டாக்கவே கொடுத்தால், வெள்ளைச் சட்டை அணிந்தவர் கொடுத்தாலும் அது தண்டனைதான்.

மூளைக்குள் மின்கம்பி

மருந்து வேண்டாம், நேரே மூளைக்கே போனால் என்ன? இந்த எண்ணத்தை வைத்து 1974ஆம் ஆண்டில் வந்த படம் 'தி டெர்மினல் மேன்'. மைக்கேல் கிரைட்டன் 1972ஆம் ஆண்டில் எழுதிய நாவலின் திரை வடிவம் அது. கதையில் கணிப்பொறி அறிஞர் ஒருவருக்கு வலிப்பு வருகிறது. வந்தால் வெறி கொண்டு தாக்குகிறார். மருத்துவர்கள் அவர் மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைப் பதித்து, ஒரு சிறு கணிப்பொறியோடு இணைக்கிறார்கள். வலிப்பு தொடங்கும்போதே கணிப்பொறி அதை உணர்ந்து, ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பித் தடுத்துவிடும்.

திட்டம் ஏன் தவறியது? அந்த மின்துடிப்பு அவருக்கு இன்பமாக இருந்தது. வலிப்பு வந்தால்தான் இன்பம் வரும். ஆகவே மூளை அடிக்கடி வலிப்பைத் தொடங்கக் கற்றுக்கொண்டது! தடுக்க வைத்த கருவியே தூண்டும் கருவியாகிவிட்டது.

இதற்குப் பின்னாலும் ஓர் உண்மைச் சோதனை உண்டு. 1954ஆம் ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் ஒரு மின்முனையைப் பதித்தார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அதன் மூளையில் மின்சாரம் பாயும். சில இடங்களில் மின்முனை பதிந்திருந்தபோது, எலி மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு புகழ்பெற்ற காட்சி ஸ்பெயின் நாட்டில் நடந்தது. ஹோசே டெல்காடோ என்ற நரம்பியல் அறிஞர் 1960களின் முற்பகுதியில் ஒரு முரட்டுக் காளையின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, களத்தில் அதன் முன்னே தாமே நின்றார். காளை பாய்ந்து வந்தது. அவர் கையிலிருந்த வானொலிக் கருவியின் பொத்தானை அழுத்தினார். காளை நின்றுவிட்டது! கோபத்தை அணைக்கும் பொத்தான் கிடைத்துவிட்டதாகப் பலர் வியந்தார்கள். ஆனால் எலியட் வேலன்ஸ்டைன் போன்ற அறிஞர்கள் ஐயம் எழுப்பினர். மின்சாரம் பாய்ந்த இடம் உடல் அசைவோடு தொடர்புள்ள பகுதி. காளையின் கோபம் தணிந்ததா, அல்லது அதன் கால்கள் தடுமாறி உடல் திரும்பியதா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஓடும் வண்டியின் சக்கரத்தில் கட்டையைப் போட்டால் வண்டி நிற்கும். வண்டிக்காரன் மனம் மாறிவிட்டான் என்று சொல்ல முடியுமா?

வலிப்பு நோயைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய கதைகளால் வலிப்புள்ளவர்கள் முரடர்கள் என்ற தவறான எண்ணம் பரவக்கூடும். வலிப்பு என்பது மூளையின் மின்செயலில் ஏற்படும் கோளாறு. அதற்கும் குற்ற மனப்பான்மைக்கும் தொடர்பில்லை. உங்கள் வகுப்பில் வலிப்புள்ள மாணவர் இருந்தால், அவரும் உங்களைப் போன்றவரே.

கத்தி எடுத்த காலமும் உண்டு. போர்ச்சுக்கல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1935ஆம் ஆண்டில், மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். 1949ஆம் ஆண்டில் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். உலகெங்கும் பல்லாயிரம் மனநோயாளிகளுக்கு இது செய்யப்பட்டது. பலர் அமைதியானார்கள். அதோடு ஆர்வமும் முனைப்பும் இழந்து, முன்பிருந்த மனிதரின் நிழலாகவும் ஆனார்கள். 1950களின் நடுவில் குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள் வந்தபின் இவ்வறுவை அருகியது. சிறையிலிருந்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட ஓர் அடங்காத கைதிக்கு இதைச் செய்து அடக்கிவிடுவதை, 1975ஆம் ஆண்டில் வந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' என்ற படம் காட்டியது.

கையெழுத்தின் மதிப்பு

அலெக்ஸ் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான் அல்லவா? "அவனே சம்மதித்தான், பிறகென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்வி 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர நீதிமன்றத்தில் எழுந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் கொடுங்குற்றம் தொடர்பாகப் பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். கட்டுக்கடங்காத வன்முறையைக் குறைக்க மூளை அறுவை பயன்படுமா, மருந்து பயன்படுமா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் கையெழுத்திட்டார். செய்தி வெளியே தெரிந்ததும் ஒரு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார்.

மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். உண்மையான சம்மதத்திற்கு மூன்று தேவை என்று ஆராய்ந்தார்கள். சம்மதிப்பவருக்குச் சிந்திக்கும் திறன் வேண்டும். நன்மை தீமைகள் தெரிந்திருக்க வேண்டும். யாருடைய நெருக்குதலும் இருக்கக் கூடாது. எழுவதற்கும் உறங்குவதற்கும் பிறர் கட்டளையை எதிர்பார்த்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், 'விடுதலை கிடைக்கலாம்' என்ற ஆசை கண்முன் ஆடும்போது போடும் கையெழுத்து உரிமையோடு போட்டதாகாது. இன்னும் சோதனை நிலையிலேயே உள்ள, செய்தபின் மாற்ற முடியாத மூளை அறுவைக்கு, அடைபட்டிருப்பவரின் சம்மதம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

இந்தக் கருத்துக்கு முன்னோடியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர்கள் கைதிகள் மீது நடத்திய கொடுஞ்சோதனைகளை விசாரித்த நீதிமன்றம், 1947ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நெறிகளை வகுத்தது. அதன் முதல் நெறியே, சோதனைக்கு உள்ளாகும் மனிதரின் விருப்பமான சம்மதம். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசும் கைதிகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஆராய்ச்சியில் சேர்ந்ததற்காக ஒருவரின் முன்விடுதலையைச் சாதகமாக முடிவு செய்யக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அலெக்ஸுக்குக் காட்டிய ஆசையைத்தான் இவ்விதி தடுக்கிறது.

ஆறு கைதிகளும் ஒரு பண்ணையும்

சோதனை என்றால் ஊசியும் மின்முனையும்தானா? நம் நாட்டில் முற்றிலும் வேறுவகையான ஒரு சோதனை நடந்தது, அதுவும் படமாயிற்று.

வி. சாந்தாராம் 1957ஆம் ஆண்டில் எடுத்த இந்திப் படம் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்'. 'இரு கண்கள், பன்னிரு கைகள்' என்பது பொருள். 1958ஆம் ஆண்டில் பெர்லின் படவிழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்றது. இதே கதை 1975ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடிக்கத் தமிழில் 'பல்லாண்டு வாழ்க' ஆயிற்று. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஒரு சிறை அதிகாரி, கொலை செய்த ஆறு கைதிகளைச் சுவரும் விலங்கும் இல்லாத ஒரு தரிசு நிலத்துக்கு அழைத்துப் போகிறார். சேர்ந்து உழுகிறார்கள், விதைக்கிறார்கள், விளைவிக்கிறார்கள். ஓடிப் போக வேண்டுமென்றால் ஓடலாம், தடுக்கச் சுவரில்லை. அவர்கள் தடுமாறும் கட்டங்களும் வருகின்றன. நம்மை நம்பிய ஒருவரின் கண்கள் நம்மைப் பார்க்கின்றன என்ற உணர்வே அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது.

இதுவும் வெறுங்கதை அன்று. மகாராட்டிரத்தில் அன்றிருந்த ஔந்து சமஸ்தானத்தில், ஆட்பாடிக்கு அருகே சுதந்திரபூர் என்ற திறந்தவெளிக் குடியிருப்பு 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. போலந்து நாட்டிலிருந்து இந்தியா வந்த பொறியாளர் மாரிஸ் ஃப்ரீட்மன் அதற்கு முயற்சி எடுத்தவர். அந்தச் சோதனையே படத்துக்குத் தூண்டுகோல்.

அலெக்ஸையும் இந்த ஆறு பேரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அலெக்ஸைச் சிறையிலிருந்து வெளியே விட்டார்கள். ஆனால் சிறையை அவன் உடலுக்குள் கட்டிவிட்டார்கள். ஆறு பேருக்கோ சுவரை எடுத்துவிட்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தவறு செய்ய முடியாதவன் அலெக்ஸ். தவறு செய்ய முடிந்தும் செய்யாமலிருக்கப் பழகியவர்கள் அந்த ஆறு பேர்.

விடுபட்ட அத்தியாயம்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டும் சினிமாதானே? உண்மை வாழ்க்கையில் குற்றவாளிகள் திருந்துகிறார்களா?

பர்ஜெஸின் நாவலுக்கு 21 அத்தியாயங்கள். அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயம் விடப்பட்டிருந்தது. குப்ரிக்கின் படமும் அந்த அத்தியாயம் இல்லாமலே முடிந்தது. சிகிச்சையின் பலன் நீங்கி, அலெக்ஸ் பழைய முரடனாகவே மாறுவது படத்தின் முடிவு. விடப்பட்ட அத்தியாயத்திலோ ஒரு வியப்பு காத்திருக்கிறது. வயது ஏற ஏற அலெக்ஸுக்கு வன்முறை சலித்துப் போகிறது. குடும்பம், குழந்தை என்று அவன் மனம் நாடுகிறது. எந்த ஊசியும் இல்லாமல் அவனே மாறத் தொடங்குகிறான்.

எழுத்தாளரின் இந்தக் கற்பனையோடு ஆராய்ச்சி ஒத்துப்போகிறது. செல்டன் குளூக், எலினார் குளூக் என்னும் தம்பதியர் பாஸ்டன் பகுதியில் குற்றம் செய்து சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களை ஆராய்ந்து 1950ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். அந்தக் கோப்புகள் பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டிகளில் கிடந்தன. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற ஆய்வாளர்கள் அவற்றைக் கண்டெடுத்து, அதே மனிதர்களை அவர்களின் 70 வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே ஏதோ ஒரு வயதில் குற்றத்தை விட்டிருந்தார்கள். சிலர் விரைவில், சிலர் தாமதமாக. நிலையான வேலை, நல்ல இல்லறம், இராணுவப் பணி போன்றவை பலருக்குத் திருப்புமுனை ஆயின.

மூளையும் இதற்குத் துணை நிற்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியே 'பொறு, யோசி' என்று நம்மைத் தடுப்பது. அது இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பல நாடுகளிலும் குற்றம் செய்வோர் எண்ணிக்கை பதின்பருவத்தின் பிற்பகுதியில் உச்சத்தை அடைந்து, பிறகு சரிவதைக் காணலாம்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க முடியுமா? முடியாது. அடிபட்டவரையும் காக்க வேண்டும்; அடுத்தவர் அடிபடாமலும் பார்க்க வேண்டும். அதற்கு உதவுவது சிந்தனைப் பயிற்சி. ஒருவன் உங்களை இடித்துவிட்டுப் போகிறான். "வேண்டுமென்றே இடித்தான்" என்று எண்ணினால் கை ஓங்கும். "அவசரத்தில் பட்டுவிட்டது போலும்" என்று எண்ணினால் ஓங்காது. இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில் ஒரு கணம் நிற்கக் கற்றுக்கொடுப்பதே அந்தப் பயிற்சி. கைதிகள் வாரக்கணக்கில் நடித்துப் பார்த்தும் பேசிப் பார்த்தும் அதைப் பழகுகிறார்கள். இத்தகைய 58 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட ஒரு முடிவு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயிற்சி பெறாதவர்களில் 100க்கு 40 பேர் மீண்டும் குற்றம் செய்கிறார்கள் என்றால், பெற்றவர்களில் சராசரியாக 30 பேர் செய்கிறார்கள் என்று அது காட்டியது.

வெறும் பத்துப் பேர்தானா என்று எண்ணுகிறீர்களா? திரைப்படத்தில் இரண்டு வாரத்தில் நூற்றுக்கு நூறு வெற்றி. உண்மையில் பல மாத உழைப்பில் பத்துப் பேர். ஆனால் அந்தப் பத்துப் பேர் மீண்டும் யாரையும் தாக்கவில்லை என்றால், எத்தனை பேர் காயமின்றி வீடு திரும்பியிருப்பார்கள்! அந்தப் பத்துப் பேரும் கை ஓங்க முடியாதவர்கள் அல்லர். ஓங்க வேண்டாம் என்று தாமே முடிவு செய்தவர்கள்.

இனி ஏதேனும் ஒரு படத்தில் விஞ்ஞானி ஒருவர் கொடியவன் ஒருவனை ஒரே நாளில் நல்லவனாக்கிக் காட்டினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த மாற்றம் நிலைக்குமா? அவன் உண்மையிலேயே விரும்பிச் சம்மதித்தானா? மாறியது அவன் மனமா, அல்லது வண்டிச் சக்கரத்தில் யாரேனும் கட்டையைப் போட்டார்களா?